ஒரு நீல ஜெர்சியும் என் தலைமுடியும்

எனக்கு ஐம்பத்தொரு வயது. டெக்ஸாஸின் பிளானோவில் என் நண்பர் கூட்டத்தில் இந்த வயதில் தலை நிறைய முடி உள்ளவன் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதலாமா என்று பார்த்தேன். பொய் சொல்வானேன், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பொங்கல் விழா போட்டோக்களில் நான் கடைசி வரிசையில் நின்றாலும் கண்டுபிடித்துவிடலாம். அந்த முடியைப் போன ஆகஸ்டில் இங்கிலாந்து நாட்டுக் கால்பந்து அணி ஒன்றுக்காக இழந்தேன். அந்த அணியின் ஊருக்கு நான் போனதில்லை. அந்த அணி ஜெயித்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். அதுவும் இல்லை.

காரணம் என் பக்கத்து வீட்டு ஐரிஷ்காரர்.

டெலிகாம் கம்பெனிகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் டெக்ஸாஸுக்கு வந்தவர். இப்போது ரிட்டயர் ஆகிவிட்டார். மனைவி பிரிந்து போய்ப் பல வருடங்கள் ஆகின்றன, மகன் வேறு ஸ்டேட்டில் இருக்கிறான். தலையில் பேருக்குக்கூட ஒரு முடி கிடையாது. அவர் பேசுவது ஆங்கிலம்தான் என்று எனக்கு உறுதிப்பட ஆறு மாதம் ஆனது. அதனால் அவர் பேச்சையெல்லாம் இங்கே தமிழிலேயே எழுதிவிடுகிறேன், எனக்கும் சௌகரியம்.

இங்கிலாந்தைப் பற்றி அவர் வாயிலிருந்து நல்லதாக ஒரு வார்த்தை வராது. அவர்களுடைய சாப்பாடு, அவர்களுடைய ராஜா, எண்ணூறு வருடம் அவர்கள் செய்த அட்டூழியம், எல்லாவற்றையும் வேலியோரம் நின்று எனக்குச் சொல்லியிருக்கிறார். நானும் நம் பங்குக்கு இருநூறு வருடத்தைச் சொல்லி அழுதிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை வரை இந்தப் பேச்சு. சனிக்கிழமை காலை பார்த்தால், அதே இங்கிலாந்தின் ஒரு மழைக்கார ஊர் அணியுடைய வெளுத்துப்போன நீல ஜெர்சியை மாட்டிக்கொண்டு, உயிரைக் கையில் பிடித்தபடி டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்.

“இது என்ன நியாயம்?” என்று ஒருநாள் கேட்டேன்.

அவருடைய அப்பா அந்த ஊரில் பதினோரு வருடம் கட்டட வேலை பார்த்தவராம். கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பும்போது மகன்கள் இருவருக்கும் ஆளுக்கொரு நீல ஜெர்சி வாங்கி வருவாராம். “அப்பா வாங்கி வந்ததை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அந்த நாட்டோடு எனக்குச் சண்டை. அந்தப் பதினோரு பேர் என்ன செய்தார்கள்?” என்றார்.

எங்களைச் சேர்த்து வைத்தது கடிகாரம். ஏப்ரல், மே மாதங்களில் சனிக்கிழமை இங்கிலாந்தில் மதியம் மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கினால் பிளானோவில் காலை ஒன்பது. சென்னையில் இரவு ஏழரைக்கு நம் மஞ்சள் அணி இறங்கினாலும் இங்கே அதே ஒன்பது. என் வீட்டில் டிவி மனைவியின் வசம். அவர் வீட்டு கராஜில் ஒரு பெரிய டிவி இருந்தது. நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் டிவிக்குக் கீழே ஒரு ஸ்டூலில் வைத்துக்கொள்வேன். மேலே அவருடைய நீலம், கீழே என்னுடைய மஞ்சள். அவருக்குத் தேநீர், எனக்கு என் வீட்டு டம்ளரில் ஃபில்டர் காபி. கிரிக்கெட் எப்போது முடியும் என்று அவர் கேட்பார். ஆஃப்சைடு என்றால் என்ன என்று நான் கேட்பேன். எட்டு வருடமாக இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்கவில்லை.

மற்றபடி எங்களுக்குள் வித்தியாசம் குறைவு. அவருடைய அணிக்கு கார்னர் கிடைத்தால் அவர் கராஜை விட்டு வெளியே போய் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார். பார்த்தால் கோல் விழாதாம். படித்த மனிதர், இப்படியா என்று எனக்குச் சிரிப்பாக இருக்கும். நான் சிரிக்க மாட்டேன், ஏனென்றால் கடைசி ஐந்து ஓவர் முழுக்க நான் வலது கால்மேல் போட்ட இடது காலை எடுக்காமல், கால் மரத்துப்போய் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் தபால் போட வந்தவர் கராஜில் எங்கள் கூத்தைப் பார்த்துவிட்டு, உள்ளூர் அணி ஜெயித்துவிட்டதா என்று ஆவலாகக் கேட்டார். இருவரும் திருதிருவென்று விழித்தோம். எந்த விளையாட்டைக் கேட்கிறார் என்பதே எங்களுக்குத் தெரியவில்லை.

கால்பந்து மட்டும் என்றால் விட்டுவிடலாம். ஐரிஷ்காரருக்கு ஊர் உலகத்துத் துயரம் எல்லாம் சொந்தத் துயரம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஷாப்பிங் மால் பக்கத்துச் சிக்னலில், இன்னும் நாலு பேரோடு ஒரு தூர தேசத்து மக்களுக்காக அட்டை பிடித்துக்கொண்டு நிற்பார். எந்த தேசம் என்று எழுத மாட்டேன். எழுதினால் இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் மீதிப் பேரோடு பேச மாட்டார்கள். அந்தத் தேசத்துக்கு அவர் போனதில்லை, அந்தத் தேசத்து ஆள் ஒருவரைக்கூட அவருக்குத் தெரியாது. போகிற கார்களில் சிலர் ஹார்ன் அடிப்பார்கள். ஆதரவாக அடிக்கிறார்களா, வழியை விடச் சொல்கிறார்களா என்று அவருக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

“போகாத ஊருக்காக ஏன் இந்த வெயிலில் காய்கிறீர்கள்?” என்று கிண்டலடித்தேன்.

அப்போது பார்த்து என் மனைவி அங்கே நின்றுகொண்டிருந்தது என் கெட்ட நேரம். மதுரைக்காரி, சும்மா இருப்பாளா? ஜல்லிக்கட்டுக்காக நான் ஒரு ஜனவரிக் குளிரில், தெர்மல் பேண்ட்டுக்கு மேல் வேட்டி கட்டிக்கொண்டு, இந்தியன் மளிகைக் கடை பார்க்கிங்கில் மூன்று மணி நேரம் கோஷம் போட்ட கதையை அவருக்கு விலாவாரியாகச் சொன்னாள். அதோடு நிறுத்தவில்லை.

“அங்கிள், இவர் லைஃப்ல ஒரு மாட்டைத் தொட்டது கிடையாது. எதிர்வீட்டு நாய்க்குட்டி வந்தாலே ரோடு கிராஸ் பண்ணிடுவாரு.”

அங்கிள் சிரித்த சிரிப்பில் கராஜ் அதிர்ந்தது. அதற்கப்புறம் என்னை மாட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்.

இப்படி ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டே காலம் போயிருக்கும். போன வருடம் ஏப்ரலில் நீல ஜெர்சி அணி தோற்க ஆரம்பித்தது. சும்மா தோற்கவில்லை, நேர்த்திக்கடன் மாதிரி வாராவாரம் தோற்றது. அந்த நாட்டில் முதல் வரிசைப் போட்டியில் கடைசி மூன்று இடத்தில் முடிக்கும் அணிகளை அடுத்த வருடம் இரண்டாம் வரிசைக்கு இறக்கிவிடுவார்களாம். நம் மஞ்சள் அணி கடைசியில் வந்தாலும் அடுத்த வருடம் அதே மஞ்சளோடு வந்து நிற்கும். அங்கே அந்தச் சலுகை இல்லை.

ஒரு சனிக்கிழமை அவருடைய ஆட்டம் தோல்வியில் முடிந்திருந்தது, என்னுடையது தோல்வியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவருடைய போனில் ஒரு மெசேஜ் வந்தது. எப்போதும் ஆட்டம் முடிந்த ஐந்து நிமிடத்தில் ஒன்று வரும், அவர் படித்துவிட்டு ஒரு வரி பதில் போடுவார். நான் கவனித்திருக்கிறேன், கேட்டதில்லை. அன்று அவரே போனை என்னிடம் நீட்டினார்.

“இறங்கினால் இவர்களோடு என் கணக்கு முடிந்தது” என்று இருந்தது.

“யார் இது?”

“என் தம்பி.”

கதை அப்போதுதான் வெளியே வந்தது. ஏழு வருடத்துக்கு முன் அவருடைய அம்மா இறந்தபோது அயர்லாந்துக்குப் போயிருக்கிறார். அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த இடத்தில், அண்ணனும் தம்பியும் அரசியல் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். சொந்த நாட்டு அரசியல் அல்ல. அந்த சிக்னல் தேசத்து அரசியல். இவர் அட்டை பிடிக்கிற பக்கத்துக்குத் தம்பி எதிர்ப் பக்கம். பேச்சு முற்றி, தட்டு உடைந்து, அம்மாவின் படத்துக்கு முன்னால் சொல்லக் கூடாததை இருவரும் சொல்லிவிட்டார்கள். அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் அடுத்த சனிக்கிழமை நீல ஜெர்சி அணி ஆடியபோது தம்பியிடமிருந்து ஸ்கோர் மட்டும் வந்ததாம். இவரும் ஸ்கோர் மட்டும் பதில் போட்டார். ஏழு வருடமாக அது ஒன்றுதான். நலமா என்று கேட்டதில்லை, பிறந்தநாள் வாழ்த்து கிடையாது. இரண்டுக்கு ஒன்று, உருப்படாத கோல்கீப்பர், இப்படி வாரம் ஒரு வரி.

“அணி இறங்கினால் அவன் பார்ப்பதை விட்டுவிடுவான். சொன்னால் செய்கிற ஜாதி. அப்புறம் எனக்கு எதை அனுப்புவான்?” என்றார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

இரண்டு பேரும் போகாத தேசத்துக்காக அண்ணன் தம்பி தட்டை உடைத்த கதை எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாகத்தான் இருந்தது. நல்லவேளை, அந்த நேரத்தில் மனைவி ஒரு தட்டில் வடையோடு வந்தாள். என்ன ஆச்சு என்று கண்ணால் கேட்டாள். தமிழில் சுருக்கமாகச் சொன்னேன், கொஞ்சம் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். “நீங்க சிரிக்கிறீங்களா?” என்றாள்.

இந்த இடத்தில் என் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தென்காசியில் இருக்கிறான், என்னைவிட மூன்று வயது மூத்தவன். அவனும் நானும் பேசி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. தேர்தல் சமயத்தில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று நான் அவனுக்கு நீளமாகப் பாடம் எடுத்தேன். நான் அமெரிக்கக் குடிமகன். தென்காசியில் எனக்கு ஓட்டு கிடையாது, ரேஷன் கார்டு கிடையாது, குடிதண்ணீர் வராவிட்டால் கேட்கப் போவதும் நான் இல்லை. அண்ணன் அதைத்தான் ஒரே வரியில் எழுதினான்: ‘ஓட்டு இல்லாதவனுக்கு எதுக்குலே இவ்ளோ வாய்?’ சித்தப்பா, மாமா, சின்னப் பிள்ளைகள் என்று முப்பது பேர் பார்க்கும் இடத்தில். நான் குரூப்பை விட்டு வெளியேறினேன். அவனும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. பொங்கலுக்கு மட்டும் என் மனைவிக்கு ‘எல்லாருக்கும் வாழ்த்துக்கள்’ என்று அனுப்புவான். அந்த எல்லாரில் நான் உண்டா இல்லையா என்று இரண்டு பொங்கலாக யோசித்திருக்கிறேன்.

ஆக, மனைவி கேட்டது நியாயமான கேள்வி. நான் வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அன்று மதியம் வீட்டில் எதையோ வெட்டும் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். என் பழைய மஞ்சள் ஜெர்சியின் ஒரு கையை மனைவி கத்தரித்துக்கொண்டிருந்தாள். முதன்முதலில் கப் ஜெயித்த வருடம் வாங்கிய ஜெர்சி.

“என்ன பண்றே?”

“மஞ்சத்துணி வேணும். வீட்ல வேற மஞ்சள் இல்ல.”

கத்தரித்த துணியில் கால் டாலர், ஒரு குவார்ட்டர் நாணயத்தை வைத்து முடிந்தாள். சாமி ஷெல்ஃபில் மீனாட்சி படத்துக்கு முன்னால் வைத்துக் கண்ணை மூடி நின்றாள். நம் ஊரில் ஒருவர் காசு முடிந்து வைத்தால் அதற்குப் பின்னால் ஒரு செலவோ ஒரு பயணமோ வருகிறது என்று அர்த்தம். யாருக்கு என்று கேட்டேன்.

“அங்கிளுக்குத்தான். அந்த மனுஷன் கண்ணைப் பார்த்தீங்களா? நல்லது நடந்தா பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்கு வந்து முடி குடுக்கறதா வேண்டிட்டேன்.”

“அவர் தலையில ஏது முடி?”

“அதான் உங்க முடின்னு வேண்டிட்டேன்.”

“என் முடியைக் குடுக்க நீ யாரு? என்னைக் கேட்டியா?”

“இதையெல்லாம் யாராவது கேட்டுட்டு வேண்டுவாங்களா?” என்றாள், உலகத்திலேயே நான்தான் புதிதாக ஏதோ கேட்டுவிட்ட மாதிரி.

அந்த மாதம் முழுக்க என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். நீல ஜெர்சி அணி இறங்காமல் தப்பித்தால் என் முடி போகும். இறங்கினால் என் நண்பருக்கு அவருடைய தம்பி போவான். கராஜில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வாயால் உற்சாகப்படுத்தினேன். மனசு என்ன சொன்னது என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஒருமுறை எதிரணி கோல் போட்டபோது என் கை தானாகத் தலையைத் தடவியது.

கடைசி ஆட்டம் மே மாதம் ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு. ஜெயித்தால் தப்பிக்கலாம். ஐரிஷ்காரர் வீட்டில் இருந்த மூன்று ஜெர்சிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டிருந்தார். எண்பது நிமிடம் வரை சமநிலை. அப்புறம் தடுப்பாட்டக்காரன் ஒருவன் பந்தைத் தன் அணியின் வலைக்குள்ளேயே தள்ளினான். அவ்வளவுதான். அவர் எழுந்து டிவியை அணைத்தார். ஜெர்சிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்து டிவிக்கு மேல் வைத்தார். போனைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தார், பத்து நிமிடம் பார்த்தார். மெசேஜ் வரவில்லை.

எனக்கு முடி தப்பியது. அதில் சந்தோஷப்பட்டேன், சந்தோஷப்பட்டதற்காகக் கூசினேன். அந்தக் கோடையில் அவர் வேலியோரம் வந்து நின்றாலும் பேச்சு சரியாக வராது. பேசிக்கொண்டே போனை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைப்பார். சீசன் முடிந்துவிட்டது, ஜூனில் ஏது ஸ்கோர் என்று அவருக்கும் தெரியும். நீங்களே ஒரு வரி அனுப்புங்களேன் என்றேன். “எதைப் பற்றி?” என்று கேட்டார். அது தெரிந்திருந்தால் நானே தென்காசிக்கு அனுப்பியிருப்பேன்.

ஆகஸ்ட் வந்தது. இரண்டாம் வரிசைப் போட்டிகள் தொடங்கின. அவர் டிவி பக்கமே போகவில்லை. அந்தச் சனிக்கிழமை பதினொரு மணி வெயிலில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். நான் என் வீட்டு வாசலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். திடீரென்று மனிதர் பாதியில் நின்றார். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்புறம் போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என்னை நோக்கி நடந்து வந்தார்.

“இரண்டுக்கு பூஜ்யம் தோல்வி. அதே கழுதைகள்” என்று இருந்தது.

தம்பி பார்ப்பதை விடவில்லை. இரண்டாம் வரிசையிலும் உட்கார்ந்து பார்த்திருக்கிறான்.

நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். டெக்ஸாஸில் இரண்டு ஆண்கள் முன்வாசலில் நின்று செய்யும் காரியம் இல்லை, இருந்தாலும் செய்தோம். கண்ணில் தண்ணீர் வந்தது, அவருக்கும் எனக்கும். உள்ளே போய் மனைவியிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அப்போ நாளைக்கே பேர்லேண்ட் போறோம்.”

“எதுக்கு? டீம்தான் தோத்து இறங்கிடுச்சே!”

“டீமுக்கா நான் வேண்டிக்கிட்டேன்? மீனாட்சிக்கு ஃபுட்பால் எல்லாம் எதுக்கு? அந்தத் தம்பிகிட்ட இருந்து மெசேஜ் நிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். நின்னுச்சா? வந்துடுச்சுல்ல?”

ஒரு மாதம் நான் கோல் எண்ணிப் பயந்ததெல்லாம் வீண். கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

பிளானோவிலிருந்து, ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்ட் நாலரை மணி நேரம். விஷயம் தெரிந்ததும் ஐரிஷ்காரர் தானும் வருவேன், தானே ஓட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். அடுத்தவர் தலையை மனைவி எப்படி நேர்ந்துவிடலாம் என்று அவர் ஆச்சரியப்படுவார் என எதிர்பார்த்தேன். அவர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். தம்பி பரீட்சையில் பாஸானால் பெரியவன் வெறுங்காலோடு மலை ஏறுவான் என்று அவருடைய அம்மா வேண்டியிருக்கிறார். கூரான கல் நிறைந்த மலையாம். தம்பி பாஸாகிவிட்டான். “மூன்று வாரம் என்னால் ஷூ போட முடியவில்லை. அவன் வீட்டில் உட்கார்ந்து கேக் சாப்பிட்டான்” என்றார். பின் சீட்டிலிருந்து என் மனைவி, “உங்க அம்மாவை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு அங்கிள்” என்றாள்.

ஹூஸ்டனில் முடி வெட்டும் நம் ஊர்க்காரர் ஒருவரை மனைவி போனிலேயே ஏற்பாடு செய்திருந்தாள். கோயிலுக்கு வெளியே ஒதுக்குப்புறமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் கொத்து மடியில் விழுந்தபோது நிஜமாகவே வலித்தது. தலையில் அல்ல. இது திரும்ப முளைக்கும் சார் என்று அவர் ஆறுதல் சொன்னார், ஐம்பதுக்கு மேல் கொஞ்சம் லேட்டாகும் என்று தொழில் நேர்மையோடு சேர்த்துக்கொண்டார். முடிந்ததும் மனைவி என் தலையில் சந்தனம் பூசினாள். ஐரிஷ்காரர் குனிந்து தன் தலையையும் காட்டினார். அவருக்கும் பூசினாள். தரிசனம் முடிந்து வெளியே வந்து, நாங்கள் இருவரும் தோளோடு தோள் சேர்ந்து நின்றோம். படம் எடுத்தாள். எடுத்த கையோடு குடும்ப குரூப்பில் போட்டுவிட்டாள். ஒரு வார்த்தை விளக்கம் எழுதவில்லை.

காலேஜில் இருக்கும் எங்கள் மகளிடமிருந்துதான் முதல் பதில். “அப்பா, வொய்?” என்று வாய்ஸ் மெசேஜ்.

பார்க்கிங்குக்கு நடப்பதற்குள் என் போன் அடித்தது. இரண்டு வருடமாக அதில் வராத பெயர் தெரிந்தது. எடுக்கலாமா என்று நான் யோசிக்கும்போதே மனைவி என் விரலைப் பிடித்து அழுத்திவிட்டாள்.

“ஏலே!” அண்ணன்தான். “யாருக்கு என்னலே ஆச்சி? மறைக்காம சொல்லு. உனக்கா? பிள்ளைக்கா?”

“யாருக்கும் ஒண்ணும் இல்ல அண்ணே.”

“பொய் சொல்லாத. நீ கண்ணாடி முன்னால ஒரு மணி நேரம் தலை சீவுத பய. சும்மா மொட்டை போடுவியாக்கும்? எந்த ஆசுபத்திரி? டாக்டரு என்ன சொல்லுதாரு? துட்டு கிட்டு வேணுமா? நான் பொறப்பட்டு வரட்டா?”

பாஸ்போர்ட்டே இல்லாதவன் புறப்பட்டு வருகிறானாம். சொல்லத் தொடங்கினேன். ஐரிஷ்காரர், அவருடைய தம்பி, நீல ஜெர்சி, குவார்ட்டர் நாணயம், எல்லாம் சொன்னேன்.

“வெள்ளக்காரன் பந்து வெளாட்டுல தோத்ததுக்கு நீ மொட்டை போட்டியா?”

“அவரு அயர்லாந்துக்காரரு அண்ணே. டீமுதான் இங்கிலாந்து.”

“கிறுக்குப்பயலே” என்று ஆரம்பித்தான். அதன்பின் அவன் என்னைத் திட்டியதையெல்லாம் எழுத முடியாது. குரூப்பை விட்டு ஓடினதற்கு, போன் பண்ணாததற்கு, எடுத்தெறிந்து பேசினதற்கு, அவன் வயிற்றில் இப்போது புளியைக் கரைத்ததற்கு. நடுவில் ஒருமுறை மூக்கை உறிஞ்சினான். நானும் உறிஞ்சினேன். தேர்தலைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ‘சந்தனம் காயிற வரைக்கும் வெயில்ல நிக்காத’ என்று கடைசியில் சொல்லிவிட்டு வைத்தான்.

ஐரிஷ்காரர் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். “என்ன சொன்னார்?” என்று கேட்டார்.

“திட்டினான்.”

“எவ்வளவு நேரம்?”

“இருபது நிமிடம் இருக்கும்.”

அவர் மெதுவாகத் தலையாட்டினார். “கொடுத்துவைத்தவர் நீங்கள். எனக்கு வாரம் ஒரு வரிதான்” என்றார். அதில் கேலி இல்லை.

காரில் ஏறவில்லை. என் மனைவியிடம் அந்தப் படத்தைத் தனக்கும் அனுப்பச் சொன்னார். அனுப்பினாள். அதை அவர் தம்பிக்கு அனுப்பினார். ஒரு வார்த்தை எழுதவில்லை, அதை என் மனைவியிடம்தான் கற்றிருக்க வேண்டும். அன்று அவருடைய அணிக்கு ஆட்டமே இல்லை. மூவரும் அந்த வெயிலில், ஆவி பறக்கும் தார்த் தரையில் நின்றுகொண்டு ஒரு போனைப் பார்த்தோம்.

பதில் வந்தது. படித்துவிட்டு அவர் காரின் மேல் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பா என்று பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. போனை எங்களிடம் காட்டினார்.

“இதில் நீ எது?” என்று கேட்டிருந்தான் தம்பி.

ஏழு வருடத்தில் கால்பந்து இல்லாமல் வந்த முதல் வரி. வலது பக்கம் இருப்பது நான் என்று பதில் அடிக்க அவருக்குப் பத்து நிமிடம் ஆனது.